பெனிதோவாவின் இடது கை

விடிந்ததும் கணவனின் இடது கையில் காதை வைத்துக் கேட்பது சியாலேயின் வழக்கம். முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில் கயிறுபோல் தடித்திருந்த ரத்தக்குழாயில் ஓயாத இரைச்சல் ஓடும்.

"என்ன, பஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்பான் பெனிதோவா. தலைநகரான அபியாவில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவன். சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு கழிந்தது.

அந்தக் குழாயைப் பற்றி நர்ஸ் ஃபுவாதினோதான் விளக்கினாள். "மெஷினுக்கு வேகமா ரத்தம் வேணும். தமனியில வேகம் இருக்கு, சுவரும் தடி. ஆனா அது ஆழத்துல கெடக்கு, வாரத்துக்கு மூணு தடவ குத்த முடியாது. சிரை மேலயே இருக்கு. ஆனா மெல்லிசு, ரத்தமும் மெதுவாத்தான் போகும். அதான் ரெண்டையும் சேத்துத் தைச்சிருக்கு. தமனி அடிக்கிற அடிய வாங்கி வாங்கி சிரை தடிச்சுக்குது. ஆனா பொறந்த பொறப்பு மாறாது. இந்தக் கையில பாரம் தூக்கிடாதீங்க, அழுந்தினா அடைச்சுக்கும்."

வலது கையில் செய்தது ஏற்கெனவே இரண்டு முறை அடைத்துப் போயிருந்தது. இது ஒன்றுதான் மிச்சம்.

சவாய் தீவில் பெனிதோவாவின் அண்ணன் இறந்த செய்தி வந்தது. இருவரும் படகேறிப் போனார்கள். தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து சவப்பெட்டியைத் தூக்க வேண்டிய நேரம். தம்பிகள் வந்து நின்றார்கள். பெனிதோவா மட்டும் ஒதுங்கி நின்றான்.

"விடுங்க, அபியாக்காரருக்குக் கை நோகும்" என்றாள் அண்ணன் மனைவி மாசினா. அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சியாலேவுக்கு முகம் எரிந்தது. கணவன் பக்கம் குனிந்தாள். "வீட்டு வாசல்ல வெட்டியிருக்க குழி வரைக்கும்தானே? வலது கையால புடிச்சுக்கோயேன்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு போய்ப் பிடித்தான். மழை பெய்து சேறாகியிருந்த தேவாலயப் படிகளில் முன்னால் போனவன் வழுக்கினான். பெட்டி சரிந்தது. அண்ணன் கீழே விழக் கூடாதென்று பெனிதோவா இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கினான்.

மறுநாள் காலை சியாலே காதை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை.

"என்ன?" என்றான்.

"கெளம்பு, படகுக்கு நேரமாச்சு."

அபியா ஆஸ்பத்திரியில் ஃபுவாதினோ கையைத் தடவிப் பார்த்தாள், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. அதை எடுக்கத் தெரிந்தவர்கள் நாட்டிலேயே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அறுவைக் குழு நாலு மாதம் கழித்துத்தான் வரும். அதுவரைக்கும் மெஷினுக்காகக் கழுத்துச் சிரையில் ஒரு குழாய் சொருகினார்கள்.

"நான்தான் உன்னத் தூக்கச் சொன்னேன்" என்றாள் சியாலே ஒருநாள், அவன் கழுத்துக் கட்டு நனையாமல் உடம்பு துடைத்துவிடும்போது.

"நீ சொல்லலன்னாலும் தூக்கியிருப்பேன்."

அது பொய்யென்று அவளுக்குத் தெரியும். அவள் வாய் திறக்கும்வரை அவன் ஓரடிகூட முன்னே வைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் குழாய் வழியே கிருமி ஏறியது. குளிரில் கட்டிலே ஆடும்படி நடுங்கினான். குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் போட்டார்கள். அங்கும் சீழ் வைத்தது. ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பகலில், சியாலே தண்ணீரில் நனைத்த துணியோடு திரும்பி வருவதற்குள் போய்விட்டான்.

அடக்கத்தன்று போதகர் எழுந்து பேசினார். நோயாளியாக இருந்தும் அண்ணனின் பெட்டியைச் சேற்றில் விழவிடாமல் தாங்கியவன், குடும்பத்தின் மானத்தைக் காத்தவன் என்றார். மாசினா சியாலேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பேர்ப்பட்ட மனுசன் உனக்குக் கெடச்சான், பாத்தியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சியாலேயும் ஆட்டினாள்.