ஒரே ஒரு ஸ்க்ரூ

விழுப்புரத்தில் தேவநாதனின் ஹார்டுவேர்ஸ் கடை முன்னால் மணிமாறன் வண்டியை நிறுத்தினான். கெடாரில் கட்டும் வீட்டுக்குக் கீல், தாழ்ப்பாள் எல்லாம் பைபாஸ் ரோட்டுப் பெரிய கடையில் வாங்கியிருக்கிறான் என்று வண்டியில் தொங்கிய பையே சொன்னது.

“அண்ணே, கதவுக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ குறையுது. ஆசாரி காத்துக்கினு இருக்காரு. அங்க பாக்கெட்டாதான் குடுப்பாங்களாம்.”

ஸ்க்ரூ டப்பா தேவநாதன் கைப்பக்கமே திறந்து கிடந்தது. காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இங்கயும் பாக்கெட்டுதான். உதிரியா குடுக்கறத நிறுத்திட்டேன்.”

மணிமாறன் டப்பாவைப் பார்த்தான். கோபப்படவில்லை.

“அப்ப அங்கயே வாங்கிக்கிறேண்ணே.”

வண்டி போனதும் தேவநாதன் டப்பாவை மூடினார். அன்று முழுக்க அதைத் திறக்கச் சொல்லி வேறு யாரும் வரவில்லை.