ஐந்து மணி பஸ்

காலையில் கேட்காத காது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?

ரஞ்சிதத்தைப் பதினைந்து நாளாகக் குடைந்த கேள்வி இதுதான். மூன்று வயது மகள் குப்பம்மாளின் சட்டைப் பையில் இருந்தது, வேலூர் ஆஸ்பத்திரியில் இரவலாகத் தந்த காது மிஷின். அங்கே பேச்சுப் பழக்கும் டீச்சரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: குழந்தையிடம் ஓயாமல் பேச வேண்டும், மாதக் கடைசிக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், மிஷின் வேறு குழந்தைக்குப் போய்விடும். மிஷினின் திருகை நானே சரியாகத் திறந்து வைத்துவிட்டேன், தொடாதே என்றும் சொல்லியிருந்தார். ரஞ்சிதம் தொடவில்லை.

தொண்டை வறளக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி வாணியம்பாடி பஸ் ஹாரன் அடித்தால் மட்டும் வெடுக்கென்று திரும்பியது. பஸ் சத்தம் பெரியது, அதனால்தான் என்றான் புருஷன் ராஜாக்கண்ணு.

அப்படியா? மறுநாள் காலை, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் விளாசினாள். ஆலங்காயம் ஊர்க் காக்கையெல்லாம் பறந்தன. குப்பு அசையவில்லை.

சத்தத்தில் இல்லை சங்கதி. ஐந்து மணியில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வைக்கோல்போருக்குப் பின்னால் பதுங்கினாள். ராஜாக்கண்ணு குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் வந்தான். அவன் கட்டைவிரல் குழந்தையின் சட்டைப் பைக்குள் போனது. பஸ் வந்தது, குப்பு திரும்பினாள். பஸ் போனது, விரல் மறுபடி பைக்குள்.

"இன்னாங்க பண்றீங்க?"

அவன் திடுக்கிட்டான். "அணைக்கிறேன். பஸ்ஸு வர்றப்ப மட்டும் தொறக்கிறேன், அவளுக்குப் புடிக்குது. டார்ச் லைட்ட பகல்ல எரிய வுடுவியா? டீச்சரம்மா கூப்புட்ற அன்னிக்கு பேட்டரி செத்துக் கெடந்தா இன்னா பண்ணுவ?"

"அப்ப பதினஞ்சு நாளா நான் செவுத்துகிட்டயா பேசிக்கினு இருந்தேன்?"



ரஞ்சிதம் திருகைத் திறந்து, பின்னாலிருந்து கூப்பிட்டாள். குப்பு திரும்பவில்லை. இத்தனை நாளில் அவள் பழகியது ஒரே ஒரு சத்தம். ரஞ்சிதம் யோசித்தாள்.

"நீங்க பஸ்ஸு மாதிரி கத்துங்க."

கூச்சத்தோடு கத்தினான்: "பாம்!"

குழந்தை சட்டென்று திரும்பியது. வெறும் சாலையைப் பார்த்தது. பிறகு அப்பாவின் வாயைத் தொட்டுப் பார்த்தது.

அதற்குப் பிறகு பகல் முழுக்கத் திருகை யாரும் மூடவில்லை. முதலில் "பாம், குப்பு" என்று கூப்பிட்டார்கள். நாளாக நாளாக பாம் தேய்ந்தது, குப்பு நின்றது.

மாதக் கடைசியில், வேலூரில், டீச்சரம்மா காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு பின்னாலிருந்து "குப்பு" என்றார். குழந்தை திரும்பியது. அவர் தோளைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடியது.

என்ன தேடுகிறாள் என்று கேட்டார்.

"பஸ்ஸுங்க," என்றான் ராஜாக்கண்ணு.

மிஷினைக் குப்புவின் பெயருக்கே எழுதிவிட்டு, டீச்சரம்மா புது பேட்டரிகளை நீட்டினார். அவன் கை நீளுமுன் ரஞ்சிதம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.