நாலாவது மூச்சு

கார் எஞ்சின் நாலு துடிப்பில் ஒன்றை விழுங்கத் தொடங்கிய திங்கட்கிழமையிலிருந்து, தையற்கடைக்காரியின் கணவரும் நாலு மூச்சுக்கு ஒன்றைத் தவறவிட்டார். முப்பது வருடம் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டியவர். டாக்டர் அவர் நெஞ்சைக் கேட்டார், வாசலில் திக்கிக்கொண்டிருந்த காரையும் கேட்டார், "முதல்ல அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் வந்து பார்த்ததில், பெட்ரோலைத் தூவுகிற இன்ஜெக்டர் நாலும் அடைத்துக் கிடந்தன. புதியவற்றை வாங்கிவந்து கொடுத்தவர், கைவைக்க மட்டும் மாட்டேன் என்றார். "கழட்டுனா அண்ணனுக்கு மூச்சே நின்னுடும்க்கா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்." எப்படி மாற்றுவது என்று வாய்வலிக்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அடுத்த வாரம் மூன்றில் ஒரு மூச்சு போயிற்று, அதற்கடுத்த வாரம் இரண்டில் ஒன்று. இனியும் பொறுத்தால் ஆள் தங்கமாட்டார் என்று தெரிந்த காலையில், தையற்காரி கையை மடித்துவிட்டுக்கொண்டு பானட்டைத் திறந்தாள்.

நாத்தனார் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, துணி தைக்கிற கையால அண்ணன் உசுரோட விளையாடாதீங்க!"

"வேற கை இருந்தா குடு, வாங்கிக்கிறேன்" என்றாள் இவள்.

கணவரைக் காருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பெட்ரோல் ஏற்றும் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர எஞ்சினை ஓடவிட்டு, பாட்டரி வயரைக் கழற்றினாள். நாலாவது இன்ஜெக்டர் வெளியே வந்ததும் அவருடைய மூச்சு நின்றது. பேசக் காற்றில்லாததால், 'ம், ஆகட்டும்' என்று கையால் ஜாடை காட்டிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். உதட்டில் மட்டும் நீலம் பாய்ந்தது. அது நெற்றிக்கு ஏறினால் கதை முடிந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு பழைய ரப்பர் வளையம் துளைக்குள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பின்னல் ஊசியால் கொக்கி போட்டு இழுத்தாள். புது இன்ஜெக்டர்களின் வளையங்களில் எண்ணெய் தடவி, பட்டனைக் காஜாவில் நுழைப்பதுபோல் கோணாமல் அழுத்தினாள். போல்ட்டை முடுக்கி, பாட்டரியை மாட்டி, ஃபியூஸைச் செருகிச் சாவியைப் பாதி திருப்பியபோது குழாயடியில் பெட்ரோல் கசிந்தது. அவர் மூக்கிலிருந்தும் ஒரு சொட்டு உருண்டது. நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிடத் துணி வேண்டுமே என்று எதிலும் கொஞ்சம் விட்டே தைக்கிறவள், அந்தப் பழக்கத்தில் போல்ட்டிலும் அரைச் சுற்று விட்டுவைத்திருந்தாள்.

"அட, என் புத்தியே!" என்று தலையில் குட்டிக்கொண்டு சாவியைத் திருப்பி நிறுத்தினாள். நீலம் புருவத்தைத் தொட்டிருந்தது. இறுக்கினாள், துடைத்தாள், பெட்ரோல் வாடை போகும்வரை காத்திருந்தாள். அதுதான் அவள் வாழ்க்கையிலேயே நீளமான பொழுது.

எஞ்சின் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்றும் தப்பவில்லை. அவர் இழுத்த மூச்சில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துண்டு பறந்துவந்து அவர் மடியில் விழுந்தது. அந்த மூச்சை வீணாக்காமல் தெருவே கேட்கக் கத்தினார்: "என் பொண்டாட்டி மாட்டுனது! நாலும் அவ கையால மாட்டுனது!" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

பிறகு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மேட்டில் கியர் மாற்றாமல் அவள் திணறடிக்கும் நாட்களில், வீட்டிலிருக்கும் அவருக்கு மூச்சு வாங்கும். யாராவது பதறினால் அவர் சிரிப்பார்.

"ஒண்ணுமில்ல, அவ மேடு ஏறுறா. சாப்பாடு எடுத்து வைங்க."