ஆளில்லாத பாலம்

பெருவெள்ளம் வடிந்த மறுவருஷம், 1927-இல், மலாயாவின் பேராக் ஆற்று ரயில் பாலத்தை நிலா வெளிச்சத்தில் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை கார்த்திகேசுவைப் பிடித்து ஆட்டியது. ஈப்போவில் சொந்தமாகப் படக்கடை வைத்திருந்தவர் அவர். வெள்ளத்துக்கு அசையாத அந்தப் பாலத்தின் பகல் படம் பல கடைகளில் தொங்கியது. இரவுப் படம் எவரிடமும் இல்லை.

பௌர்ணமியன்று காமிராப் பெட்டியைக் கரையில் நிறுத்தினார். பாலத்துக் காவலாளி சன்னாசி லாந்தரோடு வேடிக்கை பார்க்க வந்தார்.

“நீர் போய் நடுவில நில்லும். அப்பதான் பாலம் எவ்வளவு பெரிசெண்டு தெரியும். அரை மணித்தியாலம் அசையக் கூடாது.”

“அரை மணியா? கொசு புடுங்கித் தின்னுருமே, ஐயா! சரி, நம்ம மூஞ்சி படத்துல விழுமா?”

“விழும். உமக்கும் ஒண்டு தருவன்.”

சன்னாசி அசையாமல் நின்றார்.

கடையில் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, தூண்களும் இரும்புச் சட்டங்களும் ஆற்று நிலாவும் கனவுபோல் எழுந்து வந்தன. நடுவில் மட்டும் லாந்தர் வெளிச்சம் பொங்கி, ஆளும் விளக்குமாய் ஒரு மொத்தை. அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகு! சிறு கத்தியால் தகட்டில் அந்த இடத்தைச் சுரண்டினார். அதோடு அறுந்துபோன பாலத்துச் சட்டங்களைப் பென்சிலால் இழுத்துச் சேர்த்தார். மூன்று நாள் வேலை.

படம் கடை வாசலில் தொங்கியது. போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். சன்னாசிக்கு அனுப்பத்தான் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் காலையில் ஒரு பெண் படியேறி வந்தாள்.

“நான் காளியம்மா. பாலத்துக் காவல்காரரு சன்னாசி சம்சாரம். காய்ச்சல்ல போயிட்டாரு, ஐயா. வர்ற வியாழன் கருமாதி. வெச்சுக் கும்புட ஒரு படம் இல்ல. ‘பாலத்துப் படத்துல நான் இருக்கேன்’னு எங்க லயத்து வீடு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவாரு. ‘ஒன் மூஞ்சியப் பாத்து அந்தப் பெட்டி ஒடையலியா’ன்னு நான்தான் கேலி பண்ணுவேன்.”

வாசல் படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க நிக்கிறாரு? எனக்குக் கண்ணு மங்கல்.”

கார்த்திகேசு பாலத்தின் நடுவைத் தொட்டுக் காட்டினார்.

“ஒரு புள்ளி வெச்சுக் குடுங்கய்யா. பிள்ளைங்களுக்குக் காட்டணும்.”

அவர் தூரிகையை மையில் தோய்த்தார். ஒரு புள்ளி போதும், அவள் நம்பிவிடுவாள். கை படத்தருகே போய் நின்றுவிட்டது.

“அவர் அங்கதான் நிண்டவர், அம்மா. சொன்னபடி அசையாமல் நிண்டவர். நான்தான் சுரண்டி எடுத்துப்போட்டன்.”

காளியம்மா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன், பாலத்த மறைச்சுக்கிட்டா நின்னாரு?”

“இல்லை,” என்றார். படத்தை ஆணியிலிருந்து கழற்றி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

“வெறும் பாலத்துக்கு எப்படிய்யா சூடம் காட்டுறது?” என்றாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.