இருபத்து மூன்று பேருக்கு ஒரே எண்

முதுமைக்கு விலை சொல்ல எந்த வியாபாரியும் துணியமாட்டான். அரசாங்கம் துணிந்தது: ஆளுக்கு மாதம் அறுநூறு. பேரம் பேச இடமில்லை. வாங்குகிறவர் மடியிலிருந்து விற்கிறவரே எடுத்துக்கொள்ளும் விற்பனை அது. சரக்கு பிறகு வரும் என்றார்கள்.

அரசு மருத்துவமனையின் துவைப்பறையில் விடியற்காலை நாலரைக்கே கொதிகலன் இரைய ஆரம்பித்துவிடும். வார்டுகளிலிருந்து வந்த விரிப்புகள் வாசலில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். இரத்தமும் சீழும் மருந்தும் கலந்த வாடை நெற்றியில் அறையும். கொதிகலன்காரர் கழியால் புரட்டி எடுத்துப் போட, மூன்று தொட்டிகளில் அலசி, கடைசித் தொட்டியில் நீலம் கரைத்து முக்குவது ஒருத்தியின் வேலை. இருபத்து நாலு வருடம் முக்கியதில் மணிக்கட்டுவரை தோலே நீலம் பாய்ந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் நீலக்கா.

பதினெட்டு வருடம் தினக்கூலி. ஆறு வருடத்துக்கு முன்தான் துவைப்பறை ஆட்கள் இருபத்து மூன்று பேரையும் நிரந்தரமாக்கினார்கள். அதோடு நீலக்காவுக்கு மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறையும், எல்லாருக்கும் இந்த ஓய்வுக்கால சேமிப்புத் திட்டமும் வந்தன. சம்பளத்தில் அறுநூறு பிடிப்பார்கள். அரசாங்கம் தன் பங்குக்கு இன்னொரு அறுநூறு போடும். முதலில் எழுதிய நீலக்காவின் படிவத்தில் சிவப்பு மையால் அவள் கணக்கு எண்ணைக் குறித்து, மாதிரிக்குத் துவைப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார் குமாஸ்தா. "இதப் பார்த்து எழுதுங்க."

துவைப்பறையில் ஒரு சட்டம் உண்டு. ஒரே மூட்டையில் வந்த துணி எல்லாவற்றுக்கும் ஒரே எண் குறிக்க வேண்டும். மாற்றிக் குறித்தால் துணி வார்டு மாறிப்போகும், சம்பளத்தில் அபராதம் விழும். நாமெல்லாம் ஒரே மூட்டை, ஒரே எண் என்று நினைத்து இருபத்து இரண்டு பேரும் அந்தச் சிவப்பு எண்ணையே பிசகாமல் எழுதிக் கொடுத்தார்கள். ஆபீஸில் முத்திரை குத்தியவர் பெயரையும் படிக்கவில்லை, எண்ணையும் படிக்கவில்லை. கணக்குச் சீட்டு எங்கே என்று கேட்டபோதெல்லாம், கம்ப்யூட்டர் தயாரித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஆறு வருடமாகத் தயாரித்தது.

நீலக்கா ஓய்வு பெறப் போகிற மாதத்தில் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா."

இருபத்து நாலு வருடத்தில் அவளை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உன் கணக்குல ஏழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து அறுநூறு இருக்கு."

"மாசம் அறுநூறு போட்டா அவ்வளவு எப்படிங்க சார் ஆகும்?"

அவர் விஷயத்தைச் சொன்னார். இருபத்து மூன்று பேர் பணமும் ஆறு வருடமாக அவள் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

தினமும் ஆயிரம் விரிப்பு எண்ணுகிறவளுக்குக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. "ஆளுக்கு நாப்பத்து மூவாயிரத்து எரநூறு போட்டிருக்கோம். எல்லாம் சேர்ந்தா பத்து லட்சத்துக்குக் கிட்ட வரணுமே சார்."

"பணத்தச் சந்தையில போட்டிருக்கு. சந்தை விழுந்துடுச்சு."

"நான் போகாத சந்தை விழுந்தா எனக்கு ஏன் சார் அடி?"

அவர் இழுப்பறையைத் திறந்தார். ஒரு காகிதம் இருந்தது. அவள் பக்கம் தள்ளி வைத்தார். "கையெழுத்து போட்டா முழுசும் உனக்குத்தான். சட்டப்படி."

"அரசாங்கத்தோட பங்கு?"

"ஒரு நம்பருக்கு ஒரு பங்கு. அது இதுக்குள்ளயே இருக்கு."

"மத்தவங்க?"

"அவங்களுக்குக் கணக்கே இல்லையேம்மா. இன்னிக்குச் சேர்ந்ததா புது ஃபாரம் எழுதிக் குடுக்கட்டும்."

"அப்போ இந்த ஆறு வருஷம்?"

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் போடலன்னா?"

"ஃபைல் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எப்ப திரும்பும்னு சொல்ல முடியாது. மாசக் கடைசியில ரூம் சாவிய மட்டும் குடுத்துடு. அதுல தாமதம் கிடையாது."

அன்று மாலை அவள் அறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சுமை தூக்கித் தூக்கி இடுப்பு போன கணவர் கட்டிலில் கிடந்தார். படியேற முடியாத அவருக்காகத் தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள், முன்பணம் நாற்பதாயிரம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அடுத்தவங்க பணத்துல தூக்கம் வருமான்னு என்கிட்ட கேக்காத. எனக்குச் சொந்தப் பணத்துலயே தூக்கம் வந்ததில்ல."

"போடுன்றீங்களா, வேணாம்ன்றீங்களா?"

"இடுப்பு போடுன்னுது. நான் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் காலையில் துவைப்பறைக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஈர விரிப்பை முறுக்கிப் பிழிய இரண்டு பேர் வேண்டும். நீலக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனை தரையில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

இஸ்திரி போடுகிறவள்தான் வாயைத் திறந்தாள். "போட்டுட்டீங்களாக்கா?"

"போட்டிருந்தா இந்நேரம் இங்க எதுக்குடி நிக்கறேன், நாத்தத்துக்கு ஆசப்பட்டா?"

கொதிகலன்காரர் கழியைச் சாய்த்து வைத்தார். "ஏம்மா, வாங்கிடு. வாங்கி நாமளே பிரிச்சுக்கலாம். வந்த வரைக்கும் லாபம்."

அவருக்கு ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. இருமலைப் பார்த்தால் அவ்வளவு நாள் தாங்குவாரா என்பது சந்தேகம். அவர் அவசரத்தில் நியாயம் உண்டு.

"பிரிச்சா ஆளுக்கு முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம் வரும்ணே," என்றாள் நீலக்கா. "போட்டதுல பத்தாயிரம் போச்சு, அரசாங்கம் போடறேன்னதும் போச்சு. அதுகூடப் பரவால்ல. நான் கையெழுத்து போட்ட நிமிஷத்துலருந்து நீங்க இருபத்து ரெண்டு பேரும் ஆறு வருஷம் ஒரு பைசா போடலன்னு ஆயிடும். நானே எழுதிக் குடுத்த மாதிரி."

 இஸ்திரி போடுகிறவள் வந்து, தரையில் கிடந்த முனையை எடுத்து முறுக்கினாள்.

"வேலைய நிறுத்திடலாம்," என்றார் கொதிகலன்காரர்.

"நிறுத்தினா நாறப்போறது யாரு? வார்டுல படுத்திருக்கறவங்க. நம்ம அப்பன் ஆத்தாளும் அங்கதான் வந்து படுக்கறாங்க."

"அப்போ?"

அவள் மூலையிலிருந்த சிறிய மூட்டையைக் காலால் தள்ளினாள். அது அலுவலகத்துத் துணி: திரைச்சீலைகள், மேஜை விரிப்புகள். "இது படுத்திருக்கறவங்களோடது இல்லையே."

அவரவர் பணத்தை அரசாங்கப் பங்கோடு அவரவர் கணக்கில் சேர்க்கச் சொல்லி மனு எழுதினார்கள். புதுப் படிவத்தை ஒருவரும் தொடவில்லை. வார்டு விரிப்புகள் எப்போதும்போல வெளுத்துத் திரும்பின. அந்தச் சிறிய மூட்டை மட்டும் மூலையிலேயே கிடந்தது.

நாலாம் நாள் கண்காணிப்பாளரே இறங்கி வந்தார். "என் ரூம் ஜன்னல் மொட்டையா நிக்குது. இது என்ன புது வழக்கம்?"

"அந்தத் துணியில நம்பர் தப்பா இருக்கு சார்," என்றாள் நீலக்கா, தொட்டியிலிருந்து கையை எடுக்காமல். "தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கோம். எப்ப பதில் வரும்னு சொல்ல முடியாது."

அவர் முகம் சிவந்தது. "இருபத்து மூணு பேரையும் தூக்கி எறிய எனக்கு ஒரு காகிதம் போதும்."

"எறிங்க சார்," என்றார் கொதிகலன்காரர் இருமலுக்கிடையில். "இன்னிக்கு சாயங்காலம் வார்டுக்கு எண்ணூறு விரிப்பு போகணும். யாரு வெளுக்கறாங்கன்னு மட்டும் சொல்லிட்டு எறிங்க."

கண்காணிப்பாளர் மனுவை வாங்கிக்கொண்டார், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டபோது பேனா இல்லை என்று போய்விட்டார்.

மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தாயிற்று. கணவரை அழுக்குத்துணி வண்டியில் படுக்கவைத்து நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். இஸ்திரி போடுகிறவளின் வீடு தரைத்தளத்து ஒற்றை அறை. ஏற்கெனவே ஐந்து பேர், இப்போது ஏழு. காலை நீட்டுவதென்றால் ஒருவர் எழுந்து உட்கார வேண்டும்.

"பணம் வருமாக்கா?" என்று கேட்டாள் அவள், பாயை விரித்தபடி.

"வராதுன்னுதான் தோணுது. நாளைக்கும் அந்த மூட்டையத் தொடாதீங்க."

அன்றைய நிலவரம் இது. ஆளுக்குப் பிடித்தது நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. அரசாங்கம் போட்டிருக்க வேண்டியதும் அதே அளவு. இருபத்து மூன்று பேருக்கு ஆக மொத்தம் பத்தொன்பது லட்சத்து எண்பத்தேழாயிரத்து இருநூறு. வந்தது ஒன்றுமில்லை. மனுவில் கையெழுத்து இருபத்து மூன்று, விலகியவர் எவருமில்லை. மூலையில் வெளுக்காத திரைச்சீலை பதினாறு, மேஜை விரிப்பு ஒன்பது. பாக்கி, முழுவதும்.