மேல்வீட்டுச் சத்தம்

ஃபோல்கர் ராப் கெட்டவன் இல்லை. மேல்வீட்டுக் கிழவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும்தான் ஆசைப்பட்டான். அவர் எந்த வழியாகக் காலி செய்வார் என்ற கேள்விக்குள் போகாமல் பார்த்துக்கொண்டான். அந்த அளவுக்கு நல்லவன்.

கிழவர் பெயர் ஐசெலே. ஸ்டுட்கார்ட்டில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாம் மாடியில் நான்கு அறைகளோடு தனியாக இருந்தார். ஓர் அறையில் தூங்குவார், இன்னொன்றில் ரேடியோ கேட்பார், மூன்றாவதில் சட்டைக்கு இஸ்திரி போடுவார். நான்காவதில் ஒன்றுமே இல்லை. ஒரு தடவை குழாய் ரிப்பேருக்காக மேலே போனபோது ஃபோல்கர் அந்த அறையைப் பார்த்துவிட்டான். ஜன்னல், மரத்தரை, வெயில். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் மாடியில் ராப் குடும்பத்துக்கு இரண்டு அறை. ஆட்கள் ஐந்து. இரட்டைப் பயல்கள் கட்டிலின் மேல்தட்டில் ஒருவன், கீழ்த்தட்டில் ஒருவன். பன்னிரண்டு வயது மெர்லெக்கு அதே அறையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு மெத்தை. ஃபோல்கரும் மனைவி இலோனாவும் கூடத்தில், ராத்திரி விரித்துக் காலையில் மடிக்கும் சோபாவில். அதை மடிக்கும்போது விரலை நசுக்கிக்கொள்ளாமல் இருப்பது ஒரு கலை. ஃபோல்கருக்குக் கைவராத கலை. மெர்லெ ட்ராம்போன் ஊதிப் பழகுவது குளியலறையில், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து. கூடத்தில் உட்கார்ந்தால் அந்தக் கருவியின் நீளத்துக்கு யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும்.

வேறு இடம் பார்க்கவில்லையா என்று கேட்பவர்களை ஃபோல்கர் உதைக்கத் தயாராக இருந்தான். அவன் வேலை பார்க்கும் கியர் தொழிற்சாலை டிராமில் கொஞ்ச தூரம். இலோனா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி இன்னும் பக்கம். தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆர்கெஸ்ட்ரா உண்டு, மெர்லெக்கு அதில் இடமும் கிடைத்திருந்தது. இதையெல்லாம் விட்டுவிடாமல் வீடு வேண்டும் என்றால், அதே ஆசையோடு பாதி ஊர் வரிசையில் நின்றது. அது உருவகம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று அறை வீடு ஒன்றைப் பார்க்கப் போனபோது வரிசை மாடிப்படி இறங்கி, வாசல் தாண்டி, ரொட்டிக்கடை வரை நீண்டிருந்தது. முன்னால் நின்ற ஜோடி இரண்டு பேருமே டாக்டர்கள், பிள்ளை இல்லை, கையில் வீட்டுக்காரருக்குக் கேக். ஃபோல்கர் பயல்களுக்குத் தலை வாரிக் கூட்டிப்போயிருந்தான். வீட்டுத் தரகர் குனிந்து பெயர் கேட்டபோது மூத்த பயல், "எங்க வீட்ல எறும்பு இருக்கு, நாங்க கொண்டு வருவோம்" என்று சொல்லிவிட்டான். அதோடு அந்த வீடு போயிற்று.

இலோனா ஒரு கெடு வைத்தாள். கோடை விடுமுறைக்குள் மெர்லெக்கு ஓர் அறை. இல்லையென்றால் மலைமேல் அவளுடைய சித்தி மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோவது. அங்கே வீடு மலிவு, ஏனென்றால் வேறு எதுவும் இல்லை. வேலைக்கு வர ரயிலில் இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடத்தில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது, தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியம் உண்டு. இதைக் கேட்டதிலிருந்து மெர்லெ வீட்டில் யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆகவே ஃபோல்கர் மேலே பார்த்துக் காத்திருந்தான். வீட்டுக்காரர் ஸ்டிக்கெல் தெருவுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். ஐசெலே போனால் அந்த வீடு எங்களுக்கா என்று ஒருமுறை கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றிருந்தார். ஃபோல்கர் அந்த ஒரு சொல்லின் மேல் நான்கு அறை கட்டிக் குடியேறிவிட்டான்.

ஐசெலேக்கும் இது தெரியும். அதனால் மாடிப்படியில் யுத்தம் நடந்தது. அந்த ஊரில் துடைப்ப வாரம் என்று ஒன்று உண்டு. கதவுப் பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் பெருக்கித் துடைப்பது அந்த வீட்டில் குடியிருப்பவர் பொறுப்பு. தரைத்தளத்தில் பல் டாக்டரின் கிளினிக், அவர் ஆள் வைத்திருந்தார். ஆக, பலகை இரண்டு வீட்டுக்கும் நடுவே மட்டும் போய்வந்தது. ராப் வாரத்தில் ஐசெலே கைப்பிடிச் சுவரின் மேல் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஐசெலே வாரத்தில் ஃபோல்கர் கதவுக்குப் பின்னால் நின்று வாளிச் சத்தத்தைக் கேட்பான். கிழவருக்கு இடுப்பு போய்க்கொண்டிருந்தது. வாளி ஒரு படி இறங்கும், நிற்கும், மறு படி இறங்கும். நிற்கும் நேரம் வாரத்துக்கு வாரம் கூடியது. காது கொடுத்துக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டான்.

இது போக, மாதம் ஒருமுறை ஐசெலே தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் ஸ்டிக்கெலிடம் கீழ்வீட்டுச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வார். மத்தியான ஓய்வு நேரத்தில் ட்ராம்போன், பயல்கள் குதிப்பது, சோபா மடிக்கும்போது ஃபோல்கர் சொல்லும் வார்த்தைகள். ராப் குடும்பம் வருவதற்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்லிவந்தார். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றியும். ஸ்டிக்கெல் தலையாட்டுவார். ஐசெலே திருப்தியாகத் திரும்புவார்.

ஒரு சனிக்கிழமை வாளி நிற்கவில்லை. உருண்டது. ஃபோல்கர் கதவைத் திறந்தபோது தண்ணீர் படிப்படியாக இறங்கி அவன் காலுறையை நனைத்தது. மேலே படியில் ஐசெலே உட்கார்ந்திருந்தார், முகம் சுண்ணாம்பாக.

"விழல" என்றார். "உட்கார்ந்திருக்கேன்."

"தண்ணில உட்கார்ந்திருக்கீங்க, ஹெர் ஐசெலே."

"என் வாரம், என் தண்ணி. எங்க வேணும்னாலும் உட்காருவேன், ஹெர் ராப்."

எத்தனை வருஷம் திட்டிக்கொண்டாலும், 'திரு' என்று பொருள்படும் அந்த 'ஹெர்' விட்டுப்போகாது. மரியாதை குறையாமல் திட்டினால்தான் அங்கே திட்டு.

"போங்களேன், ஜன்னல்ல நின்னு ஸ்டிக்கெலைக் கூப்பிடுங்க" என்றார் கிழவர். "கிழவன் முடிஞ்சான், சாவியைக் குடுங்கன்னு சொல்லுங்க. இதுக்குத்தானே கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

ஃபோல்கருக்கு உண்மையிலேயே அந்த யோசனை வந்திருந்தது. நான்காவது அறையின் வெயில்கூடக் கண்ணில் வந்து போனது. தன்னைத் தானே மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு துடைப்பான் குச்சியை எடுத்தான்.

"நகருங்க. ஈரத்துல உட்கார்ந்து இடுப்பு இன்னும் கெட்டுச்சுன்னா அதுக்கும் என் பொண்ணு ஊதுனதுதான் காரணம்பீங்க."

அவன் துடைப்பதைக் கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இடையில் இரண்டு தடவை திருத்தினார். அப்புறம் திறந்திருந்த முதல் மாடிக் கதவைப் பார்த்தார். மேலே தன் கதவைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த படிகளைப் பார்த்தார். ஃபோல்கரும் பார்த்தான். இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றாமல் இருந்ததா என்றால், தோன்றியிருக்கிறது. வீட்டை மாற்றிக்கொண்டால் ஸ்டிக்கெல் இரண்டு வீட்டுக்கும் புது ஒப்பந்தம் போடுவார். இன்றைய வாடகையில் நான்கு அறை ராப் குடும்பத்துக்குக் கட்டாது. கிழவருக்கோ, இந்த இரண்டு அறைக்கான புது வாடகை, அவர் அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் நான்கு அறைக்குக் கொடுப்பதைவிட அதிகம். தூக்கிப்போட முடியாத அளவுக்கு மலிவான வீட்டில் அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டிக்கெல்கிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டார்" என்றான் ஃபோல்கர்.

"கேட்டாத்தானே?" என்றார் ஐசெலே. வேலை செய்த காலமெல்லாம் மஞ்சள் விளக்கைக்கூடத் தாண்டாத மனிதர்.

கோடைக்கு முன்னால் வரும் பெந்தகோஸ்தே விடுமுறைக்கு ஸ்டிக்கெல் ஏரிக்கரைக்குப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் சாமான்கள் படியில் ஏறின, இறங்கின. கதவில் பெயர்ப்பலகை மாறவில்லை, தபால்பெட்டியில் பெயர் மாறவில்லை. அவரவர் பழைய வாடகையை அவரவரே கட்டுவது, படிக்கட்டைத் துடைப்பது ஃபோல்கர், வெளியே மூச்சு விடக் கூடாது என்று பேச்சு. சொந்தத் தெருவில் திருட்டுக் குடித்தனம் செய்ய வைத்துவிட்டாயே என்று இலோனா புலம்பினாள். புலம்பிக்கொண்டே சமையலறை அலமாரியில் தாள் ஒட்டினாள். மெர்லெ நான்காவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். வெளியே நின்ற ஃபோல்கர் ஒருமுறை இருமிக்கொண்டான். உள்ளேயிருந்து ட்ராம்போன் கேட்டது.

ஒரே ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. இதுவரை அந்தச் சத்தம் தரை வழியாக மேலே போனது. இப்போது கூரை வழியாகக் கீழே, நேராக ஐசெலேயின் தலையில் இறங்கியது. ஒரு மத்தியானம் அவர் துடைப்பக் குச்சியால் கூரையைத் தட்டினார். ஃபோல்கர் காலால் தரையைத் தட்டினான். அவர் பலமாகத் தட்டினார். இலோனா போய்ச் சமாதானம் பேசி, கெட்ட கோபத்தோடு திரும்பி வந்தாள். 'இந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷம் அமைதியைக் கட்டிக் காத்தேன், மூன்று வாரத்தில் நாசம் செய்துவிட்டீர்கள்' என்றாராம் கிழவர்.

அன்று சாயங்காலம் ஐசெலே ஸ்டுட்கார்ட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். அவருடைய மாதாந்தரப் புகாருக்கு நாள் வந்திருந்தது. தொப்பியைப் போட்டார், தெருவைத் தாண்டினார், ஸ்டிக்கெலிடம் போய்ப் புகார் சொன்னார். மேல்வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்க முடியவில்லை என்று.

வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கெல் பாதியில் நிறுத்தினார். "உங்களுக்கு மேல பரண்தானே இருக்கு, ஹெர் ஐசெலே?"

இதைக் கிழவரே மாடியேறி வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோல்கரிடம் சொன்னார்.

"பரண்ல புறான்னு சொல்லியிருக்கலாமே" என்றான் ஃபோல்கர்.

"புறா ட்ராம்போன் ஊதாது, ஹெர் ராப்."

ஸ்டிக்கெல் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாதக் கடைசிக்குள் அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்கும் புது ஒப்பந்தம் என்றார். ஐசெலே போனால் எங்களுக்குத் தருவதாக இருந்தீர்களே என்று ஃபோல்கர் கேட்டான். தரலாம், புது வாடகைக்கு, என்றார். தொகையையும் சொன்னார். ஃபோல்கர் அது வருஷ வாடகையா என்று கேட்கப் போய் வாயை மூடிக்கொண்டான்.

"எங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்க" என்றான்.

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கு" என்றார் ஸ்டிக்கெல். "வேணும்னு ரெண்டு டாக்டருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. கேக்கெல்லாம் கொண்டு வந்து குடுத்தாங்க."

சாமான்கள் இறங்கின, ஏறின. கிழவரின் அலமாரியை நடுப்படியில் சுமந்து நின்றுகொண்டு ஃபோல்கர் தன்னை அடக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

"ஒரு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலையா உங்களால?"

"ஒரு மாசம் அந்தப் பித்தளைக் குழாயைக் கட்டி வைக்க முடியலையா உங்களால?"

அலமாரி மேலே போய்ச் சேர்ந்தது. இலோனா கூடத்தில் சோபாமேல் உட்கார்ந்து மலையூர்ச் சித்தி மகளுக்குப் போன் போட்டாள். மெர்லெ அலமாரிக்குப் பின்னால் மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவளுடைய இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு மேலேயே நின்றுவிட்டது. அதை எடுத்துவர ஃபோல்கர் போனான். நான்காவது அறை மறுபடி காலியாக இருந்தது, நடுவில் அந்த ஸ்டாண்டு மட்டும்.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் ஐசெலே வாசலில் நின்று.

"ஏன், அதுவும் சத்தம் போடுதா?"

"விருந்தாளி வரக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இல்ல. படிச்சுப் பார்த்துட்டேன்."

ஃபோல்கருக்குப் புரிய நேரம் பிடித்தது. "தினமும் வர்ற விருந்தாளியா?"

"எனக்கு விருந்தாளியே வர்றதில்ல. வராத எல்லாரும் சேர்ந்து வந்ததா இருக்கட்டும்." கிழவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "பள்ளிக்கூடம் விட்டு வரலாம், ராத்திரிச் சாப்பாடு வரைக்கும். செருப்பு வெளில. மத்தியான ஓய்வுல ஊதக் கூடாது. கதவு சாத்திக்கணும், அவ மூஞ்சியை நான் பார்க்க வேண்டாம், என் மூஞ்சியை அவ பார்க்க வேண்டாம். பயல்கள் வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்."

"நான் நன்றி சொல்லணுமா இப்ப?"

"வேண்டாம்." கதவுப் பிடியிலிருந்து மரப்பலகையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "பெருக்குங்க. என் வாரத்தையும்."

இலோனா இதைக் கேட்டு, போனை வைக்காமலேயே கொஞ்ச நேரம் யோசித்தாள். படுக்க மெத்தைதான், ஆனால் படிக்க ஓர் அறை. அதற்கு ஒரு கதவு. கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம் என்றாள், சித்தி மகளிடமா ஃபோல்கரிடமா என்று தெரியாதபடி.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஃபோல்கர் இரண்டாம் மாடிப் படியை முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ட்ராம்போன் பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பத் தவறாக வாசித்தது. கீழேயிருந்து ஸ்டிக்கெல் ஏறி வந்தார், ஈரப் படியில் செருப்புத் தடம் பதித்துக்கொண்டே. ஃபோல்கர் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. மணியை அழுத்தினார். உள்ளே சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது.

"யாரு ஊதுறது, ஹெர் ஐசெலே?"

"நான்தான்."

"நீங்களா?"

"எழுபத்தி நாலு வயசுல கத்துக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கா?"

ஸ்டிக்கெல் கிழவரைப் பார்த்தார். வாசலில் கிடந்த சின்ன ஜோடிச் செருப்பைப் பார்த்தார். முட்டிபோட்டிருந்த ஃபோல்கரைப் பார்த்தார். ஃபோல்கர் வாளிக்குள் பார்த்தான்.

"ரொம்ப மோசமா ஊதுறீங்க" என்றார் கடைசியில்.

"தெரியும். புகார் சொல்லணும்னா எதிர்வீட்ல போய்ச் சொல்லுங்க. அங்க ஒருத்தர் தலையாட்டுவார்."

ஸ்டிக்கெல் இறங்கிப் போனார். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை ஐசெலே அசையவில்லை. அப்புறம் குனிய முடியாத இடுப்பை மெல்ல வளைத்து, படியைப் பார்த்தார்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க, ஹெர் ராப்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே மறுபடி அதே அடி, அதே தவறு. ஃபோல்கர் அந்த மூலையைத் துடைத்தான். பிறகு ஸ்டிக்கெலின் செருப்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.