மேலே வந்த பிறகு விடும் மூச்சு

"விடுய்யா மூச்ச! விட்டுத் தொலை!"

"நீ கத்துறதுனாலதான் பிரஷர் ஏறுது!"

"என்னாலயா? மீன் மாதிரி கன்னத்த உப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, அதனால ஏறுது!"

அடுத்த வீட்டில் கொலை நடந்தால் பார்க்காமல் இருப்பது பாவம். கையில் மாவோடு, கொத்தமல்லி கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். கொலை இல்லை. மிஃப்தா பாயில் சம்மணம் போட்டிருந்தான். அவன் மனைவி வஸீலா, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை அவன் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஜர்ஜீஸ் கரையில், கடலடிக்கு முங்கிப்போய் குளியலில் உடம்பு தேய்க்கும் கடற்பஞ்சு எடுப்பவர்களில் மிஃப்தாவைப் போல் மூச்சடக்க ஆளில்லை. அதை நாங்கள் சொல்வதற்கு முன் அவனே சொல்லிவிடுவான். இந்த வருடம் சீசனுக்கு முன் வைத்தியச் சான்று வாங்கப் போனவனுக்கு அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், உப்பைக் குறை, தினமும் மூச்சுப் பயிற்சி செய், அப்போதும் இறங்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் டாக்டர். கையெழுத்து இல்லையென்றால் மிஃப்தா கரையில் உட்கார்ந்திருக்க, அவன் படகில் மச்சான் அம்மார் போவான். ஏற்கெனவே அம்மார் படகுக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தான்.

மருந்தகத்து நர்ஸ் ரஃபீக்கா பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். கை, தோள், கால் என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்து. மூச்சை மெதுவாக இழு, அதைவிட மெதுவாக விடு, நடுவில் அடக்காதே. கடைசிச் சொல் மட்டும் மிஃப்தாவின் காதில் ஏறவில்லை. மூச்சு என்றால் அவனுக்கு அடக்குவதுதான். உடம்பையும் முறுக்கி, மூச்சையும் பூட்டி, முகம் செம்மாதுளையாகும்வரை உட்காருவான். பிறகு கருவியைப் பார்த்து அதைத் திட்டுவான்.

"அக்கா, நீயாச்சும் சொல்லு," என்றாள் வஸீலா.

"நான் சொன்னா யாரு கேக்குறா? கொத்தமல்லி இருக்கா?"

அவள் என்னை முறைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"கீழ போறத மறந்துடு. பஞ்ச எடுத்துட்டு மேல வந்து, படகுக் கயித்தப் புடிப்பியே. அப்போ சீட்டியடிச்ச மாதிரி நீளமா ஒரு மூச்சு விடுவியே. கல்யாணமான புதுசுல படகுல உக்காந்து கேட்டிருக்கேன். அத விடு."

மிஃப்தா வாயைக் குவித்தான். காற்று மெல்லிய சத்தத்தோடு போய்க்கொண்டே இருந்தது.

"இப்ப கயித்த இறுக்கிப் புடி. ம். விடு. உன்ன மேல தூக்கியாச்சு. தோளத் தொங்கப் போடு. இன்னொரு மூச்சு."

நானும் கதவோரம் நின்று விரல்களை மடக்கித் தளர்த்தினேன். மாவு உதிர்ந்தது. கழுத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது போலிருந்தது. பிறகு தினமும் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் எனக்கு ஏதாவது வேலை இருந்தது. என் தூக்கம் சீரானதற்கு வஸீலாவுக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்லவில்லை; ஒரு தட்டு ரவை ரொட்டி அனுப்பினேன், அவளுக்குப் புரிந்திருக்கும்.

சான்று கிடைத்தது. ஊறுகாய் ஆலிவை நிறுத்தியதும் உதவியிருக்கலாம். மிஃப்தா அதை ஒத்துக்கொள்வதில்லை. "அல்ஹம்துலில்லாஹ், என் பொண்டாட்டி என்னைக் கரையேத்தினா," என்று காப்பிக் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தான். வாழ்நாளில் மனைவியைப் புகழாத நாலு பேருக்கு அன்று வீட்டில் கேள்வி விழுந்தது.

அம்மார் தோணி தேடி ஸ்ஃபாக்ஸ் பக்கம் குடிபோனான். ரஃபீக்கா அந்த இலையுதிர்காலத்தில் மெத்னீன் ஊர் வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள். மணப்பெண் குளியலுக்கு, அந்த சீசனில் கிடைத்த மிகப் பெரிய பஞ்சை மிஃப்தா அனுப்பிவைத்தான்.